இந்தியாவில் திராட்சைத் தோட்டங்கள்: பரப்பும் பரவலும்

திராட்சை இயல்பில் மிதவெப்ப நாடுகளின் கொடி. இலையுதிர்காலத்தில் இலைகளை உதிர்த்து, கடுங்குளிரில் உறங்கி, வேனிலில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பது அதன் வழக்கம். உலகில் இக்கொடி பயிராகும் சுமார் 72 இலட்சம் ஹெக்டேர் நிலத்தில் மிகப் பெரும்பகுதி, நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 முதல் 50 பாகை வரையுள்ள அகலக்கோடுகளுக்கு இடையே அமைந்துள்ளது. இந்தியத் தோட்டங்களோ பெரும்பாலும் 20 பாகைக்குத் தெற்கே உள்ளவை. புணே நகரம் பதினெட்டரைப் பாகையில் இருக்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு பத்துப் பாகைக்கும் கீழே. எனவே நம் நாட்டில் இப்பயிரின் பரவலை ஆராய்வோர், வெப்ப மண்டலத்தில் இக்கொடி எவ்வாறு வாழ்கிறது என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

ஒப்புநோக்குவதற்கு ஜெர்மனி ஏற்ற நாடு. குளிர் மிகுந்த அந்நாட்டில் திராட்சைப் பரப்பு ஏறத்தாழ ஒரு இலட்சம் ஹெக்டேர். அது 13 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பினும், சுமார் மூன்றில் இரண்டு பங்கு ரைன்லாந்து-பலத்தினேட் என்ற ஒரே மாநிலத்தில் குவிந்துள்ளது. காரணம் வெயில். ரைன், மோசல் ஆறுகளை நோக்கிச் சரியும் குன்றுகளில், தெற்கு நோக்கிய சரிவுகளே கனி முதிர்வதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெறுகின்றன. அங்கே உழவர் வெயிலைத் தேடிச் செல்கிறார்; இங்கே அவர் மழையிலிருந்து விலகிச் செல்கிறார். இரு நாடுகளிலும் தோட்டங்கள் சில வட்டாரங்களில் குவிந்து கிடப்பதற்கு இவையே அடிப்படை. ஜெர்மனியின் கனி ஏறத்தாழ முழுவதும் மதுவாகிறது. நம் கனியின் பெரும்பகுதி பழமாகவே உண்ணப்படுகிறது என்பது மற்றொரு வேறுபாடு.

மழையும் தோட்டமும்

புணேயை அடுத்த ஏரவாடாவை மையமாகக் கொண்டு நோக்கினால் இது தெளிவாகும். முளா-முட்டா ஆற்றின் கரையில் உள்ள ஏரவாடா, மத்தியச் சிறைச்சாலையாலும் 1932ஆம் ஆண்டின் புணே ஒப்பந்தத்தாலும் வரலாற்றில் அறியப்பட்ட இடம். இன்று முற்றிலும் நகரின் பகுதி. அங்கிருந்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், மலைத்தொடரின் உச்சியில் உள்ள லோணாவளாவில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. புணேயில் அது 700 மில்லிமீட்டர் அளவே. கிழக்கே பாராமதி செல்கையில் 500 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. மலையின் உச்சியில் திராட்சை இல்லை. மழைமறைவுப் பகுதியிலேயே தோட்டங்கள் காணப்படுகின்றன. வடக்கே ஜுன்னர் வட்டத்தின் நாராயண்காவ், கிழக்கே பாராமதி, இந்தாப்பூர் ஆகியவை இம்மாவட்டத்தில் குறிப்பிடத்தக்கவை. ஏரவாடாவைக் கடந்து அதே ஆறு செல்லும் வழியில் உள்ள மாஞ்சரியில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் 1997இல் நிறுவப்பட்டது.

நாட்டின் மொத்தப் பரப்பு ஒன்றரை இலட்சம் ஹெக்டேருக்குச் சற்று மேல். விளைச்சல் ஆண்டுக்கு 30 இலட்சம் டன்னுக்கு மேல். ஹெக்டேருக்குச் சராசரி 20 டன் என்னும் அளவு உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. இதில் மகாராஷ்டிரத்தின் பங்கு சுமார் 70 விழுக்காடு. கர்நாடகத்தையும் சேர்த்தால் 90 விழுக்காட்டை எட்டும். மாநில எல்லையைவிட வட்ட எல்லையே இங்கு பொருளுடையது. நாசிக் மாவட்டத்தின் நிபாட், திண்டோரி. சாங்லி மாவட்டத்தின் தாஸ்காவ், மிரஜ், கவட்டே மகாங்காள். சோலாப்பூர் மாவட்டத்தின் சில வட்டங்கள். எல்லைக்கு அப்பால் விஜயபுரா, பாகல்கோட். இந்தச் சிறு நிலப்பகுதியில் ஒரு பருவம் பிழைத்தால் நாடு முழுவதும் சந்தையில் அது தெரியும்.

பிற இடங்களில் பரப்பு குறைவே. பஞ்சாப், அரியானாவில் பெர்லெட் இனம் பரவியிருந்தது. கனி முதிரும் சூன் மாதத்திலேயே பருவமழை முந்தி வந்து கெடுத்ததால் அங்கு பரப்பு சுருங்கியது. அனாப்-இ-ஷாஹி இனத்துக்குப் புகழ்பெற்றிருந்த ஐதராபாத்தின் சுற்றுப்புறத் தோட்டங்களை நகரம் விழுங்கிற்று. உண்மையான குளிர்நாட்டுத் தோட்டங்கள் காஷ்மீரத்தின் காந்தர்பல், இமாசலத்தின் கின்னோர் போன்ற சில இடங்களில் மட்டும் உள்ளன. தமிழகத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

இரு கவாத்து, ஒரு மகசூல்

வெப்ப மண்டலத்தில் கொடி தானாக உறங்குவதில்லை. ஆகவே உழவர் அதற்குக் கத்தரிக்கோலால் பருவங்களை வகுக்கிறார். மகாராஷ்டிரத்தில் அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் முதல் கவாத்து. அதன் பின் வளரும் கொம்புகளின் மொட்டுகளில், கோடை வெயிலில், அடுத்த பருவக் குலைகளின் கரு உருவாகிறது. அக்டோபரில் இரண்டாம் கவாத்து. வெட்டிய கொம்பின் மொட்டுகள் ஒருசேர வெடிப்பதற்காக ஐதரசன் சயனமைடு பூசப்படுகிறது. குளிர் செய்ய வேண்டிய வேலையை இங்கு இரசாயனம் செய்கிறது எனலாம். கனி பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கிறது. கம்பத்திலோ இரு கவாத்துக்கும் காய்ப்பு உண்டு. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். பதினான்காம் நூற்றாண்டில் தௌலதாபாத்துக்கு வந்த இப்னு பதூதா, அங்கு திராட்சை ஆண்டுக்கு இருமுறை பறிக்கப்படுவதைக் குறித்துள்ளார். ஆகவே தக்காணத்து உழவருக்கு இது புதிய செய்தியன்று.

இனங்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருந்து வந்த தாம்சன் விதையில்லா இனமே அடிப்படை. அதிலிருந்து தாஸ்-ஏ-கணேஷ், சோனகா ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆய்வுக்கூடத்தினர் அல்லர். சாங்லி, சோலாப்பூர் மாவட்டத்து உழவர்கள். தம் தோட்டத்தில் வேறுபட்டுக் காய்த்த ஒரு கொம்பைக் கண்டு பெருக்கிய அந்தக் கூர்மை பாடநூல்களில் போதிய இடம் பெறவில்லை.

சந்தையும் இடரும்

நாசிக் பகுதியின் பழம் ஏற்றுமதிக்கும், சாங்லி பகுதியின் பழம் பெரும்பாலும் உலர்திராட்சைக்கும் செல்கிறது. ஏற்றுமதி மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அளவே. எனினும் அதன் விலை முழுச் சந்தைக்கும் அளவுகோலாகிறது. 2006இல் ஏற்றுமதித் தோட்டங்களைப் பதிவு செய்து, பழத்தின் மூலத்தைத் தோட்டம் வரை கண்டறியும் கிரேப்நெட் முறை ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் 2010இல் குளோர்மெக்குவாட் என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சம் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டு, பல சரக்குகள் ஏற்கப்படவில்லை. கொடியின் வீண் வளர்ச்சியை அடக்கத் தெளித்த மருந்து அது. அப்பொருள் சோதனைப் பட்டியலில் இல்லாமற்போனதே குறை. விலை கொடுத்தவர் தோட்டக்காரர்.

மது ஆலைகளை ஊக்குவிக்க மகாராஷ்டிர அரசு 2001இல் தனிக் கொள்கை வகுத்தது. நாசிக் பகுதியில் பலர் மது இனங்களை நட்டனர். 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவை அடுத்துக் கொள்முதல் குன்றியபோது, உண்பதற்கும் உலர்த்துவதற்கும் உதவாத அக்கொடிகளைச் சிலர் பிடுங்க நேர்ந்தது. பந்தல், கம்பி, சொட்டு நீர்ப்பாசனம் என முதலிலேயே பெருந்தொகையை முடக்கும் பயிரில், இனம் மாற்றுவது நெல்லில் விதை மாற்றுவது போன்றதன்று.

பருவம் தவறிய மழை இதனினும் பெரிய இடர். அக்டோபர் கவாத்துக்குப் பின் துளிரும் பூவும் நிற்கும் வேளையில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் சில நாட்களில் குலைகளை அழிக்கும். 2009 நவம்பரிலும் 2019 அக்டோபர்-நவம்பரிலும் அவ்வாறே நேர்ந்தது. வறட்சி எதிர்முனையில் நிற்கிறது. கிணற்று நீர் உவர்த்தபோது, உவரையும் வறட்சியையும் தாங்கும் டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டும் முறை 1990களிலிருந்து பரவியது. 2012-13 வறட்சியில் தண்ணீர் லாரிகளைக் கொண்டு கொடிகளைக் காத்த தோட்டங்களும் உண்டு.

சாங்லியின் கிழக்கு வட்டங்களுக்கு மைசாள், டெம்பு ஏற்றுநீர்த் திட்டங்கள் கிருஷ்ணை நீரைக் கொண்டு வருகின்றன. ஆனால் வாய்க்காலில் நீர் வந்ததும் கரும்பும் கூடவே வருகிறது. உயரத்துக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் மின்கட்டணம் உண்டு. அந்நீரைச் சொட்டுக் குழாயில் செலவிடும் பயிருக்கும், பாத்தியில் பாய்ச்சும் பயிருக்கும் ஒரே முறையில் பங்கிடுவதா என்பது பாசனத் துறையின் முன் நிற்கும் கேள்வி.