கார் ரேடியோவில் நாமே கை வைக்கலாமா?

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கிவிட்டால் நம் கடைகளுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அந்த வாரத்தில் வண்டி ஒரு நாள் நின்றால் என்ன நஷ்டம் என்று நம் உறுப்பினர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வண்டி நிற்க என்ஜின்தான் கெட வேண்டும் என்பதில்லை. ரேடியோவில் கை வைத்தே வண்டியை நிறுத்திவிட முடியும். அப்படி நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் வசூலுக்குப் போய்வரப் பழைய கார் ஒன்று வாங்கினார். திருவிழாவுக்கு முன்பு பேட்டரி மாற்றினார். மாற்றியதும் ரேடியோ பாடவில்லை. ரகசிய எண் கேட்டது. விற்றவர் அந்த எண் எழுதிய அட்டையைக் கொடுக்கவில்லை. கடைப் பையன்கள் ஆளுக்கொரு எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். செட் பூட்டிக்கொண்டது. உறவுக்காரப் பிள்ளை ஒருவர், “மாமா, சாஃப்ட்வேரையே மாற்றிவிட்டால் எண்ணே கேட்காது” என்று எங்கிருந்தோ ஒரு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினார். பாதி ஏறும்போது வண்டியை நகர்த்தச் சொல்லி வெளியே யாரோ கூப்பிட, சாவியைத் திருப்பினார்கள். திரை கறுத்தது கறுத்ததுதான். பின்பக்கக் கேமராவும் போயிற்று. அதைவிட மோசம், செட் முழுதாக அணையாமல் இரவெல்லாம் தானே எழுந்து எழுந்து விழுந்ததில் புது பேட்டரி இறங்கி, இரண்டு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. பத்துப் பேர் தள்ளித்தான் கிளம்பியது. மூன்றாம் நாள் ஒரு எலக்ட்ரீசியன் வந்து செட்டுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் நிம்மதி.

இத்தனைக்கும் ஷோரூமில் கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நான்கு இலக்க எண்தான் வேண்டியிருந்தது.

ரகசிய எண் ஏன்?

ஒரு காலத்தில் கார் டேப் திருடுவது பெரிய தொழில். கண்ணாடியை உடைத்து, செட்டைப் பிடுங்கி, அடுத்த ஊரில் விற்றுவிடுவார்கள். அதற்காகத் தயாரிப்பாளர்கள் செய்த ஏற்பாடு இது. செட்டுக்கு இரண்டு மின் இணைப்புகள் உண்டு. ஒன்று சாவி போட்டால் வருவது. மற்றொன்று பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருப்பது. இரண்டாவது அறுந்தால், தன்னை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று செட் எடுத்துக்கொள்ளும். திருடன் கழற்றினாலும் சரி, பேட்டரி மாற்ற நாமே கழற்றினாலும் சரி, அதற்கு வேறுபாடு தெரியாது. மறுபடி மின்சாரம் வந்ததும் எண்ணைக் கேட்கும். ஃபோர்டு, ரெனால்ட், ஃபோக்ஸ்வாகன் வண்டிகளின் பல செட்டுகளில் இது நான்கு இலக்கம், ஹோண்டாவில் ஐந்து.

நான்கு இலக்கம்தானே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு நம் வியாபாரக் கணக்கிலேயே சொல்வோம். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள். பத்து முறை தவறினால் ஒரு மணி நேரம் செட்டை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் போட்டு முடிக்க 1,000 மணி நேரம். அதாவது இரவு பகலாக 41 நாளுக்கு மேல். சில செட்டுகள் அவ்வளவு பொறுமைகூடக் காட்டாது. ஃபோர்டின் பழைய செட்டுகள் சில, 13 முறை தவறினால் ‘லாக் 13’ என்று காட்டி நின்றுவிடும். அதன் பிறகு செட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் மெமரி சிப்பைத் தொட்டால்தான் உயிர் வரும்.

அது தெரிந்தவர் செய்யும் வேலை. சிப்பைப் படிக்கும் கருவி இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் செய்யலாம் என்று ஆகிவிடாது. படிப்பதற்குப் பதில் எழுதிவிட்டால் அந்தச் செட்டின் அடையாளமே அழிந்துபோகும். முதலில் உள்ளதை நகல் எடுத்து வைக்காமல் தொடுகிறவரிடம் செட்டைக் கொடுக்கவே கூடாது.

நாம் தினமும் கையாளும் மின்னணுத் தராசை எண்ணிப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். தராசின் உள்ளே எடையைத் திருத்தும் வழி இருக்கிறது. ஆனால் அதன்மேல் முத்திரை இருக்கிறது. முத்திரையை உடைத்து நாமே ‘சரி’ செய்தால், தராசு சரியாகவே காட்டினாலும் நாம் குற்றவாளி. ரேடியோவுக்கு அப்படிச் சட்ட முத்திரை கிடையாது. ஆனால் உத்தரவாதம் என்ற முத்திரை உண்டு. வெளியார் கை வைத்த பாகத்துக்கு உத்தரவாதம் தர மாட்டோம் என்பது வழக்கமான நிபந்தனை. புது வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் புத்தகத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

இப்போது அது ரேடியோ அல்ல

பழைய டேப் செட்டுக்கும் இன்றைய திரை வைத்த செட்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஸ்டியரிங்கில் உள்ள பட்டன், பின்பக்கக் கேமரா, கதவு திறந்திருந்தால் அடிக்கும் மணி, சில வண்டிகளில் ஏ.சி. கட்டுப்பாடு என்று பலவும் அதன் வழியாகப் போகின்றன. வண்டியின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி ஒன்று உண்டு; கேன் பஸ் என்பார்கள். செட்டும் அதில் கலந்துகொள்கிறது.

இதனால் என்ன வரும் என்பதை 2015-இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஜீப் செரோக்கி வண்டியின் செட்டுக்குள் தொலைதூரத்திலிருந்தே நுழைந்து, அதிலுள்ள ஒரு சிப்பின் புரோகிராமை மாற்றி எழுதி, அதன் வழியாக வண்டியின் மற்ற பாகங்களுக்குக் கட்டளை அனுப்பினார்கள். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி வேகம் இழந்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைத்தது. உரிமையாளர்களுக்குத் தபாலில் பென் டிரைவ் அனுப்பியது. அவர்கள் இருவரும் கரை கண்டவர்கள். மாதக்கணக்கில் உழைத்துச் செய்தார்கள். நாம் சொல்ல வருவது, ஊர் பேர் தெரியாத கோப்பு ஒன்றை அந்தப் பெட்டிக்குள் ஏற்றும்போது எந்தக் கதவைத் திறக்கிறோம் என்று நமக்குத் தெரியாது என்பதைத்தான்.

யாரும் கெடுதல் நினைக்காமலேயும் செட் சாகும். 2022 ஜனவரியில் சியாட்டில் நகரில் 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்கள் பலவற்றில் ரேடியோ ஒரே நிலையத்தில் ஒட்டிக்கொண்டு, அணைந்து அணைந்து எரிந்தது. காரணம், 94.9 என்ற பண்பலை நிலையம் ஒலிபரப்போடு அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில் கடைசி ஒட்டு விடுபட்டிருந்தது. அவ்வளவுதான். அந்தக் கோப்பை என்ன செய்வதென்று தெரியாமல் செட் திகைத்துவிட்டது. பெரிய நிலையம் அனுப்பிய கோப்பிலேயே இந்தக் கதி என்றால், உறவுக்காரப் பிள்ளை இறக்கிய கோப்பைப் பற்றி என்ன சொல்ல!

கடல் தாண்டியும் இதே பாடு. இலங்கையில் ஓடும் வேன்கள் ஏராளமானவை ஜப்பானில் பயன்படுத்தப்பட்டுப் பிறகு இறக்குமதியானவை. ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி நெடுங்காலம் 90 வரை இருந்தது. பிறகு 95 வரை நீண்டது. இலங்கையிலும் நம் நாட்டிலும் 87.5 முதல் 108 வரை. ஆகவே அங்குள்ள நிலையங்களில் பெரும்பாலானவை அந்தச் செட்டுக்கு எட்டாது. ஒன்று, ஆன்டெனா வயரில் ஒரு சிறு மாற்றுக் கருவி வைப்பார்கள். அல்லது செட்டையே திருத்தப் பார்ப்பார்கள். பேட்டரியைக் கழற்றினால் டொயோட்டாவின் ஜப்பான் செட்டுகள் பல பூட்டிக்கொண்டு, ஜப்பானிய எழுத்தில் கடவுச்சொல் கேட்கும். சிலவற்றில் வரைபடம் இருக்கும் சின்ன அட்டையில்தான் செட் எழுவதற்கான புரோகிராமும் இருக்கிறது. பாட்டு ஏற்றலாம் என்று அதை அழித்தவர்கள் செட்டையே அழித்தவர்கள் ஆனார்கள்.

நம் பக்கத்தில் அலைவரிசை விஷயம் வேறு வகையில் வரும். பொழுதுபோகாமல் செட்டின் உள்பட்டியலுக்குள் புகுந்து ‘நாடு’ என்ற இடத்தில் அமெரிக்கா என்று வைத்துவிட்டால், பண்பலை 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒற்றை எண்களில் மட்டுமே நிற்கும். கொடைக்கானல் பண்பலை 100.5, அது தப்பித்துவிடும். ஆனால் மதுரைப் பக்கம் போனால் 106.4-இல் உள்ள ஹலோ எஃப்.எம். சரியாக நிற்காது, 106.3 அல்லது 106.5 என்று பக்கத்தில் தடுமாறும். மத்திய அலை அங்கே பத்துப் பத்தாகத் தாவும்; நமக்கு ஒன்பது ஒன்பதாக. 1269-இல் ஒலித்துவந்த மதுரை வானொலியை அந்த அமைப்பில் பிடிக்க முடியாது. ரேடியோ கெட்டுவிட்டது என்று கழற்றிக் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றைப் பார்ப்பது நல்லது. நூற்றுக்கு ஒரு செலவும் இல்லை.

இன்னொரு ஆசையும் பலரிடம் இருக்கிறது. வண்டி நின்றால்தான் படம் ஓடும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஓடும்போதே படம் பார்க்கும்படி செட்டைத் திருத்தச் சொல்கிறார்கள். இதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. குமுளி மலைப்பாதையிலும் போடிமெட்டு வளைவுகளிலும் ஏலக்காய்க்கும் மிளகுக்கும் போய்வரும் டிரைவர் கண் ரோட்டில் இருக்க வேண்டும். வேலைக்கு வைத்திருக்கும் ஆளுக்கு அப்படி ஒரு செட்டைப் போட்டுக் கொடுப்பவர் தன் சரக்கையும் அவர் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

செய்ய வேண்டியது

பேட்டரி மாற்றும் முன்பே ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள். செட்டின் வரிசை எண்ணை வைத்து ரகசிய எண்ணை எடுத்துத் தருவார்கள். சில வண்டிகளில் வரிசை எண் தெரியச் செட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கூலியை முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்து, மறைமலைநகர் ஆலையில் 2022-இல் கார் தயாரிப்பு நின்றது. அதன் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நிறுவனமே வெளியிடும் சாஃப்ட்வேர் திருத்தத்தை ஏற்றலாம், அதில் தவறில்லை. கோப்பு உங்கள் வண்டியின் அதே ரகத்துக்கும் ஆண்டுக்கும் உரியதா என்று முதலில் ஒத்துப்பாருங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். புத்தகத்தில் என்ஜினை ஓடவிடச் சொல்லியிருந்தால் ஓடவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் அல்ல, வெட்டவெளியில். முடிந்தது என்று திரை சொல்லும்வரை சாவியையும் பென் டிரைவையும் தொடக்கூடாது. கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கம்பெனி செட்டை எடுத்துவிட்டு வெளிச் செட்டு போடுபவர்கள் இன்ஷூரன்ஸைக் கவனிக்க வேண்டும். வண்டியின் விலைப்பட்டியலில் சேராத மின்சாதனங்களை பாலிசியில் தனியாகக் காட்டி, அதற்கான பிரீமியம் கட்டினால்தான் நஷ்ட ஈடு கேட்க முடியும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வயரை வெட்டி ஒட்டாமல், அந்த வண்டிக்குரிய கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். கழற்றிய கம்பெனி செட்டைக் காயலான் கடைக்குப் போடாமல் வீட்டில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. செல்போனை ப்ளூடூத்தில் இணைக்கும்போது பல செட்டுகள் நம் தொடர்பு எண்களைத் தன்னிடம் நகல் எடுத்துக்கொள்கின்றன. நமக்கு அவை வெறும் எண்கள் அல்ல; கமிஷன் மண்டி முதல் கடன் வாடிக்கையாளர் வரை நம் வியாபாரமே அதில் இருக்கிறது. வண்டியை விற்கும்போதும், செட்டை ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும், இணைத்த போன்களை நீக்கிவிட்டு, செட்டைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகு கொடுங்கள். ரகசிய எண் அட்டையை மட்டும் வண்டிக்குள் வைக்காமல், ஆர்.சி. நகலோடு கடைக் கல்லாவில் வையுங்கள். விற்கும்போது வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.