உறுமும் நாயை அதட்டாதீர்கள்

சில வாரங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு குடும்பத்தினர் நமது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தனர். சிறுவனின் முன்கையில் பல் பதிந்த தடங்கள் இருந்தன. சிப்காட் சாலையில் லாரிகளுக்கிடையே தவித்துக்கொண்டிருந்த நாட்டு நாய் ஒன்றைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதற்கு நிரந்தரமான வீடு அமையும்வரை தாமே வளர்ப்பதென்று ஏற்றிருந்தார். “இரண்டு நாளா உறுமிக்கிட்டே இருந்தது. அதட்டி அடக்கிட்டோம். மூணாம் நாள் உறுமவே இல்லைங்க, திடீர்னு கடிச்சிடுச்சு” என்றார் தாயார்.

அது திடீரென்று நிகழ்ந்ததன்று. உறுமல் என்பது “இன்னும் நெருங்காதே” என்று நாய் விடுக்கும் எச்சரிக்கை. அதற்காகத் தண்டனை பெற்ற நாய்க்கு அச்சம் குறைவதில்லை, எச்சரிப்பதுதான் நின்றுபோகிறது. அடுத்து அதனிடம் எஞ்சியிருப்பது பல் மட்டுமே. உறுமலுக்கு முன்பே அது பலவற்றைச் சொல்லியிருக்கும்: முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், வாலை ஒடுக்கி உடலை இறுக்கி அசையாமல் நிற்கும். இந்த அசையாமையைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் “சாதுவாக நிற்கிறது” என்று எடுத்துக்கொள்கின்றனர். உறுமினால் செய்ய வேண்டியது ஒன்றே: கையை எடுத்துக்கொண்டு, உற்றுப் பார்க்காமல் விலகுங்கள். பிறகு எது அதை நெருக்கியது என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் சில நாட்களில் பயிற்சி எதுவும் வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையில் பழைய சாக்கோ போர்வையோ விரித்து, ஒரு பக்கம் திறந்த மறைவிடம் அமைத்துக் கொடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் பார்க்க வருவதைச் சில நாள் தள்ளிவையுங்கள். அதன் அருகே பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து, வேகவைத்த முட்டையிலோ கோழியிறைச்சியிலோ ஒரு துண்டை அதன் பக்கம் உருட்டிவிட்டு, நாளிதழ் படித்துக்கொண்டிருங்கள். அதுவாக வந்து முகர்ந்தால் முகரட்டும். தலைக்கு மேலே கை நீட்ட வேண்டாம். மார்புப் பக்கமாகத் தொடுவதை நாய்கள் எளிதில் ஏற்கும். உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகள் அதனருகே செல்லக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அச்சம் தரும் ஓசைகளுக்குப் பழக்குவதே நெடிய வேலை. நம் வீடுகளில் முதல் எதிரி பிரஷர் குக்கர். விசில் வரும் நேரத்தில் நாயைச் சமையலறைக்கு எட்டிய அறையில் வைத்து, ஒருவர் உடனிருக்க வேண்டும். விசில் அடித்தவுடன் ஒரு முட்டைத் துண்டு. ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்று. ஓசை முன்னும் உணவு பின்னுமாக வருவது முக்கியம். மாற்றிச் செய்தால், உணவைக் கண்டதுமே இனி ஓசை வரப்போகிறது என்று அஞ்சக் கற்றுக்கொள்ளும். செரிமான ஆய்வுக்காக 1904-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ், தம் ஆய்வகத்து நாய்கள் உணவு வருவதற்கான அறிகுறி கண்டதுமே உமிழ்நீர் சுரப்பதைக் கவனித்தார். அதே இயல்பைத்தான் நாம் இங்கே பயன்படுத்துகிறோம். பிடித்த உணவையும் நாய் தொடவில்லையெனில் ஓசை மிக அருகில் இருக்கிறது என்று பொருள், அறையை மாற்றுங்கள். அச்சத்தில் நடுங்கும் நாயின் அருகே ஆறுதலாக அமர்ந்தால் அச்சம் வளரும் என்று சிலர் சொல்வர். அதில் உண்மையில்லை, தாராளமாக அமருங்கள்.

தீபாவளி வெடிக்கும் ஐப்பசி இடிக்கும் இதே வழிதான். பட்டாசு ஓசையைக் கைப்பேசியில் மிகக் குறைவாக வைத்து, பல வாரம் முன்பே தொடங்க வேண்டும். பட்டாசு நாளில் வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். மிரண்ட நாய் கழுத்துப் பட்டையிலிருந்து பின்வாக்கில் நழுவிவிடும். கனரக வாகனங்கள் ஓடும் நம் பகுதியில் அதன் முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மார்புப் பட்டையும் சேர்த்து அணிவியுங்கள்.

வீட்டில் நோயாளி இருந்தால் முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோர் உள்ள வீடுகளில், மிரண்டு கடிக்கக்கூடிய, முன்கதை தெரியாத நாயை இப்போதைக்கு ஏற்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. நாயின் வாயில் இயல்பாக வாழும் சில நுண்ணுயிரிகளே இவர்களுக்குக் கடும் நோய் தரக்கூடும். மற்ற வீடுகளிலும் ஆறாத புண்ணை நாய் நக்க விடாதீர்கள்.

நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி நேற்றுத்தான் போட்டோம் என்பதால் கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. தடுப்பூசியின் காப்பு உண்டாகச் சில வாரம் ஆகும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி உண்டு. இரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் கவனிப்பதும் அவசியம். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நோய்க்குறி தோன்றிய பின் ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் மிக மிக அரிது.

சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் கைவிடப்பட்ட விலங்குகளைக் காப்பதுடன், அவற்றுக்கு வீடு தேடியும் தருகின்றன. எந்த வழியில் புதிய வீடு அமைந்தாலும், நாயோடு ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள். எந்த ஓசைக்கு நடுங்கும், எங்கே ஒளியும், எந்தப் பக்கம் தொட்டால் பொறுக்கும், தடுப்பூசி போட்ட தேதி என்ன, எப்போது உறுமும் என்பவை அதில் இருக்கட்டும். கும்மிடிப்பூண்டிக் குடும்பம் அந்த நாயைத் தங்களிடமே வைத்துக்கொண்டது. நான்காம் ஊசிக்கு வந்த அன்று, அது மீண்டும் உறுமத் தொடங்கிவிட்டது என்று சிறுவன் சொன்னான். அவன் தாயார் அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையசைத்தார்.