ஒரு சாவிக்கு எத்தனை கணினி?

முன்னுரை

இது கணினி யுகம். நெற்களஞ்சியமாம் நம் தஞ்சைத் தரணியின் சிற்றூர்களிலும், ஒரே வீட்டில் இரண்டு கணினிகள் இருப்பது இன்று புதுமையன்று. கணினி இரண்டாயினும், விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த ஒன்றை இரண்டிலும் பதித்துக்கொள்ளலாமா? இக்கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. விடை தேடியபோது நாங்கள் கற்றதைத் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் நடந்தது

நெல் வரவு செலவு எழுதவும், நாங்கள் கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்யவும் அப்பா ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கியிருந்தார். கல்லூரியில் சேர்ந்த அண்ணனின் மடிக்கணினியிலும் அதையே பதிக்க முயன்றோம். உறையில் இருந்த சாவி எண்ணை இட்டதும், அது வேறொரு கணினியில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று திரை அறிவித்தது. கணினி பழுது பார்க்கும் ஒருவர், சிறு தொகை கொடுத்தால் அந்தப் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொன்னார். அண்ணனுக்கு ஆசை, எங்களுக்கும் ஆசைதான். "காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதுதானே, அப்பா?" என்று கேட்டோம். "முதலில் அதனுடன் வந்த நிபந்தனைகளைப் படியுங்கள், பிறகு பேசலாம்" என்றார் அப்பா.

நாம் வாங்குவது எது?

படித்த பிறகே உண்மை விளங்கிற்று. நாம் வாங்கியது மென்பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதியை. இந்த அனுமதிக்கே உரிமம் என்று பெயர். ஒரு புத்தகத்தைத் தோழிக்கு இரவல் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை நாம் படிக்க இயலாது. மென்பொருளைப் பிரதி எடுத்துக் கொடுத்தாலோ, அவளிடமும் இருக்கும், நம்மிடமும் இருக்கும். வேற்றுமை இங்கேதான்.

1980-களில் அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம் இதற்கு ஓர் எளிய வழி கண்டது. எங்கள் மென்பொருளைப் புத்தகம்போல் நடத்துங்கள். எவரும் பயன்படுத்தலாம், எந்தக் கணினிக்கும் மாற்றலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பயன்படுத்த மட்டும் கூடாது என்பது அதன் நிபந்தனை.

இன்று உரிமங்கள் பலவகை. கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. கடையில் தனியே வாங்கிய விண்டோஸை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆனால் பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பச் சந்தாவையோ ஆறு பேர் வரை பயன்படுத்தலாம். ஆகவே, "ஒன்று வாங்கினால் இரண்டில் போடலாமா?" என்ற கேள்விக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அந்தந்த உரிமமே விடை.

சட்டம் கூறுவது

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1984-இல் செய்த திருத்தத்தால், கணினி நிரல்களும் கதை, கட்டுரைபோல் இலக்கியப் படைப்புகளாகச் சேர்க்கப்பட்டன. முறையாக வாங்கியவர், இழப்போ சேதமோ நேர்ந்தால் உதவ ஒரு காப்புப் பிரதி எடுத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக நோக்கம் இல்லையெனில், தக்க காரணம் கண்டு நீதிமன்றம் சிறையை நீக்கி அபராதத்தோடு விடலாம்.

யாருக்கு என்ன குறைந்தது?

மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் கட்டளையைப் படித்தபோது, களவு என்றால் பிறர் பொருளை எடுத்துக்கொண்டு போவது என்றே எண்ணியிருந்தோம். பிரதி எடுப்பதால் யாருடைய பொருளும் குறையவில்லையே! அப்படியானால் அது எப்படிக் களவாகும்?

இதற்கு விடை எங்கள் வயலில் கிடைத்தது. விதைநெல்லும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் பொருள்தான். நம் மாவட்டத்து ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ இரகங்களைத் தந்துள்ளது. ஒரு புதிய இரகத்தை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். உருவான பின் அதைப் பெருக்குவது எளிது. மென்பொருளும் அப்படியே. முதற்பிரதிக்கே உழைப்பு முழுவதும். அந்த உழைப்பின் கூலி ஒவ்வோர் உரிமத்தின் விலையிலும் பங்காக அடங்கியுள்ளது. அனுமதியின்றிப் பிரதி எடுக்கையில் குறைவது அந்தக் கூலியே.

விளைந்த நெல்லில் விதை எடுத்து வைக்கவும், அடுத்த வயல்காரருக்குக் கொடுக்கவும் 2001-ஆம் ஆண்டின் உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பாதுகாப்புப் பெற்ற இரகத்தை வணிகப் பெயரிட்டு விதையாக விற்க மட்டும் இடமில்லை. எனவே பெருக்குவதே பிழையன்று. அனுமதியின் வரப்பைத் தாண்டுவதே பிழை.

பகிரச் சொல்லும் மென்பொருள்கள்

எல்லோரும் பிரதி எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அனுமதித்தே வெளியிடப்படும் மென்பொருள்களும் உண்டு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இம்முயற்சியைத் தொடங்கினார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். நம் நாட்டில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸோடு இடம்பெற்றது. கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஆபிஸை எத்தனை கணினிகளிலும் பதிக்கலாம்; தமிழிலேயே இயக்கலாம்.

முடிவுரை

நாங்கள் பூட்டை உடைக்கவில்லை. அப்படி உடைத்த மென்பொருள்களோடு வைரஸும் புகக்கூடும் என்பது வேறு செய்தி. அண்ணனின் மடிக்கணினியில் லிப்ரே ஆபிஸைப் பதித்தோம். அப்பாவின் கணக்கேடு அதில் திறந்தது; சில கட்டங்கள் இடம் மாறியிருந்தன. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து சரிசெய்தோம். நேர்மைக்கு நாங்கள் கொடுத்த விலை அவ்வளவே!

தோழியரே, அடுத்த முறை "ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தைத் தொடுமுன் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்காமல் ஒப்புக்கொள்வதும் வாக்குக் கொடுப்பதுதான். கொடுத்த வாக்கை யாரும் காணாத இடத்திலும் காப்பதே நம் பள்ளி நமக்குக் கற்றுத்தந்த பண்பு அன்றோ!