மருந்தும் படமும் ஒரே துகளில்

கேள்வி: புற்றுநோய்க் கட்டிக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அந்தக் கட்டியைப் படத்திலும் காட்டும் நானோ துகள் என்கிறார்களே, இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

பதில்: யோசனை நானோவைவிட மூத்தது. 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்த நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். உடம்பில் சேரும் அயோடினைத் தைராய்டு தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அங்கே அதன் பீட்டா கதிர் சுரப்பியின் செல்களைச் சிதைக்கும். காமா கதிரோ உடம்புக்கு வெளியே வந்து, மருந்து எங்கே தங்கியிருக்கிறது என்று கருவிக்குக் காட்டிக்கொடுக்கும். பரவிய தைராய்டு புற்றுநோய்க்கும் இது உதவும் என்று 1946-இல் சீட்லின் குழுவினர் எழுதினார்கள். சிகிச்சையும் சோதனையும் ஒரே பொருளில் கூடியது அங்கேதான்.

நானோ துகளின் வம்சம் வேறு. 1960-களில் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பேங்ஹாம் கண்ட கொழுப்புக் குமிழிகளான லிப்போசோம்கள்தான் அதன் மூதாதை. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை உள்ளே அடைத்த டாக்ஸில் என்ற லிப்போசோம், 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுகுவதால் துகள்கள் கசிந்து அங்கேயே தேங்கும் என்று 1986-இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் சொன்னதைப் பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளை அலசிய டொராண்டோ குழு 2016-இல் சொன்ன கணக்கு, செலுத்தியதில் கட்டியை எட்டுவது நடுமதிப்பாக 0.7 சதவீதம்! அதுவும் பெரும்பாலும் எலிகளில். மனிதரிலோ ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறும். எம்எம்-302 என்ற லிப்போசோம் மருந்தில் கதிரியக்கத் தாமிரம்-64 ஏற்றி, மார்பகப் புற்றுநோயாளிகளை பெட் ஸ்கேனில் பார்த்தபோது இந்த ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகத் தெரிந்தது. (அந்த மருந்து பிறகு பெரிய ஆய்வில் தேறவில்லை என்பது வேறு கதை.) ஆகவே, என் பார்வையில், படத்தின் வேலை அழகு காட்டுவதல்ல, யாருக்கு இந்த மருந்து போய்ச் சேரும் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்வது.

அப்படியானால் இரண்டையும் ஒரே துகளில் திணித்தே ஆகவேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட் படத்துக்கு இம்மியளவு கதிரியக்கப் பொருள் போதும், சிகிச்சைக்கு மருந்து கணிசமாக வேண்டும். தாமிரம்-64 பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தில் பாதியாகிவிடும், லிப்போசோம் மருந்தோ நாள்கணக்கில் கசியும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பொருளும் தயாரிப்பைச் சிக்கலாக்கும். அதனால் ஒன்று படத்துக்கும் மற்றொன்று சிகிச்சைக்குமாக, ஒரே இலக்கைத் தேடும் இரட்டை மருந்துகளே நடைமுறையில் முந்திக்கொண்டன. 2022-இல் அமெரிக்கா அனுமதித்த புராஸ்டேட் புற்றுநோய் மருந்தில் நானோ துகளே கிடையாது. முதலில் காலியம்-68 ஏற்றிய மூலக்கூறைச் செலுத்தி பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டி ஒளிர்ந்தவர்களுக்கே லுட்டீசியம்-177 ஏற்றிய சிகிச்சை மருந்து.