வேடமுடி தேரும் முறை

மேனாட்டார் கொண்டாடும் வேடவிழாக்களைப் படங்களின் வாயிலாகக் கண்ட எம் கல்லூரி நண்பர் பலர், அவ்விழாக்களில் மகளிரும் ஆடவரும் அணிந்துவரும் முடிகளின் ஒளியை வியந்து பேசுதல் உண்டு. அம்முடிகள் எவற்றான் ஆயவை, ஒரு பகல் முழுதும் தலைமேல் நிற்பன எவை, நண்பகற்குள் உதிர்வன எவை என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம். பொருள் விளையாட்டுப் பொருளே. எனினும், திங்கள்தோறும் சிறுபணம் சேர்த்து ஒருநாள் மகிழ்ச்சிக்கென ஒன்றை வாங்குவோர்க்கு, அஃது அந்நாளிலேயே முறிந்துபோதல் சிறு துன்பமன்று.

விழாக்கள் இருவகைய. ஒன்று மறுமலர்ச்சிக்காலச் சந்தை. 1963-ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியாவில் பள்ளியாசிரியையான பிலிஸ் பாட்டர்சன் அம்மையாரும் அவர்தம் கணவர் ரான் பாட்டர்சனும், முதலாம் எலிசபெத்து அரசியார் காலத்து ஆங்கில நாட்டுச் சந்தையைப்போல் ஒன்றைத் திறந்த வெளியில் நடத்தினர். அவ்வழக்கம் அமெரிக்க நாடெங்கும் பரவிற்று. மற்றொன்று காஸ்ப்ளே, அஃதாவது கதை, சித்திரம், திரைப்படம் ஆகியவற்றில் வரும் மாந்தராகவே உடுத்து வருதல். இச்சொல் ஜப்பானில் ஆக்கப்பட்டது. செயலோ சொல்லினும் மூத்தது. 1939-இல் நியூயார்க்கு நகரிற் கூடிய உலக அறிவியற்புனைகதை மாநாட்டிற்கு மிர்ட்டில் டக்ளஸ் என்னும் அம்மையார் எதிர்கால மக்களின் உடையெனத் தாமே தைத்ததொன்றை அணிந்து சென்றார். உடன் வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் ஒன்று தைத்தளித்தார். சந்தை வெயிலிலும் புழுதியிலும் நிகழ்வது. காஸ்ப்ளே பெரும்பாலும் மண்டபத்துள் நெரிசலில் நிகழ்வது. ஆகலின் ஒன்றிற்கு ஏற்ற முடி மற்றொன்றிற்கு ஏலாமையும் உண்டு.

முடி வாங்குவோர் முதற்கண் நோக்குவது மணிகளை. யாம் நோக்கச் சொல்வது சட்டத்தை. 1947 நவம்பர் 20-ஆம் நாள், இளவரசி எலிசபெத்து மணக்கோலம் பூணுங்கால், மேரி அரசியாரின் வைரமுடி அவர் தலையிற் பொருத்தப்படும்போதே முறிந்தது. அரசக் குடும்பத்துப் பொற்கொல்லர் பட்டறைக்கு அதனை விரைந்து கொண்டுபோய்ச் செப்பனிட்டு, திருமண வேளைக்குள் மீட்டுக் கொணர்ந்தனர். முறிந்தது வைரமன்று, வைரத்தைத் தாங்கிய சட்டம். வைரமுடிக்கே இந்நிலையாயின், சந்தையில் விற்கும் பளபளப்புத் தகட்டைப் பற்றிச் சொல்லவேண்டுமோ?

ஆகவே கையிலெடுத்ததும் முடியைப் புறம் திருப்புக. பித்தளைக் கம்பியோ எஃகுக் கம்பியோ கொண்டு வளைத்து, மூட்டுகள்தோறும் பற்றவைத்திருப்பின் அது நன்று. மூட்டில் உலர்ந்த பசை தெரியுமாயின் அதனை வைத்துவிடுக. சூட்டில் உருக்கி ஒட்டும் பசை, வேனிற்காலத்து மூடிய ஊர்திக்குள்ளேயே இளகிவிடும். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த முடிகள் மலிவானவை, பார்வைக்கும் கனத்த அழகுடையவை. ஆயினும் வளைத்தால் ஒடியும், ஒடிந்தால் எளிதிற் கூடா. கம்பி முடியோ வளைந்தாலும் விரலால் நிமிர்த்தற்குரியது. இரு முனைகளையும் மெல்ல அகற்றிவிடின், நற்சட்டம் தானே பழைய வளைவிற்கு மீளும். இச்சோதனைக்கு உடன்படாத கடைக்காரரிடம் வாங்காமலிருப்பதே மேல் என்பது எம் கருத்து.

இனி மணிகள். போலி மணி என்றதும் முகஞ்சுளிப்பாரை யாம் அறிவோம். 1701-இல் பிறந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் என்பவர், பாரிசு நகரில் ஈயங்கலந்த கண்ணாடியை வைரம்போற் பட்டைதீட்டி அரசவையோரும் விரும்பி அணியச் செய்தார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் அவர் பெயரே அம்மணிக்குப் பெயராயிற்று. 1892-இல் டானியல் சுவரோவ்ஸ்கி கண்ணாடியைப் பட்டைதீட்டும் பொறியொன்றிற்கு உரிமை பெற்ற பின்னர், ஒரே அளவான மணிகள் பெருந்தொகையாகக் கிடைக்கலாயின. போலியென்று ஒப்புக்கொண்டே விற்கப்படும் மணியில் வஞ்சம் யாதுமில்லை. வேண்டுவது அது நிலைத்திருத்தலே. உலோகப் பற்கள் நாற்புறமும் கவ்விய மணி நிற்கும். தட்டையான தகட்டின்மேல் வெறும் பசையால் ஒட்டிய மணி, ஒரு தோள் உராய்ந்தால் விழும். இத்தகைய மணிகள் பலவற்றின் அடியில் ஒளியெறிக்கும் மெல்லிய பூச்சு உண்டு. நீரும் வியர்வையும் உட்புகின் அப்பூச்சு கறுத்து, மணி குருடாகிவிடும்.

எடையும் கருதற்பாலது. பிரிட்டானிய அரசர் முடிசூட்டின்போது அணியும் தூய எட்வர்டு முடி 2.23 கிலோகிராம் எடையுள்ளது. அதனை அரசர் சிறிதுநேரமே தாங்குகின்றார். ஆலயத்தினின்று புறப்படுங்கால் 1.06 கிலோகிராம் எடையுள்ள வேறொரு முடியை அணிகின்றார். நாள் முழுதும் நடக்கும் வேடதாரிக்கு அதுவும் மிகை. இக்காலத்துக் காஸ்ப்ளே கலைஞர் பெரிய கொம்புகளையும் மகுடங்களையும் நுரைப்பலகையில் வெட்டி, சூடுகாட்டி வளைத்து, வண்ணம் தீட்டிப் பொன்போலக் காட்டுவது இதனாலேயே. நெகிழும் அடிப்பூச்சு இட்ட பின்னரே வண்ணம் தீட்டல் வேண்டும். இன்றேல் வளையுமிடமெல்லாம் வண்ணம் வெடிக்கும்.

உடல்நலம்பற்றியும் ஒன்று கூறுதல் கடன். முலாம் தேய்ந்தவிடத்து நிக்கல் வெளிப்பட்டு, வியர்வையோடு கூடிச் சிலர் நெற்றியில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-இலேயே அணிகளின் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. காரீயம் இதனினுங் கொடிது. 2006-இல் அமெரிக்க நாட்டு மினியாபலிஸ் நகரில், விலையின்றிக் கொடுக்கப்பட்ட கைவளையின் சிறு பதக்கத்தை விழுங்கிய நான்கு வயதுக் குழந்தையொன்று ஈயநஞ்சால் இறந்தது. அப்பதக்கம் ஏறக்குறைய முழுதும் ஈயமே. உலோகம் இன்னதென்று கூறப்படாத மலிவான அணியைச் சிறுவர் தலையிற் சூட்டற்க.

இடையே ஒன்று. எலிசபெத்து காலத்து மாதராகத் தோன்ற விரும்புவோர் இன்றைய நெற்றிமுடியை அணிதல் பொருந்தாது. டியாரா எனப்படும் அவ்வணி பரவியது நெப்போலியன் காலத்தையொட்டியே. அதற்கு முற்பட்ட பதினாறாம் நூற்றாண்டுச் சீமாட்டியர் பிரெஞ்சு முக்காடு என்னும் தலையணியின் விளிம்பில் முத்துப்பட்டை தைத்தணிந்தனர். துணியில் நூலால் தைக்கப்படுவதாகலின் அஃது ஒடிவதுமில்லை, நழுவுவதுமில்லை, விலையும் குறைவு. வரலாற்றுண்மையும் உறுதியும் சிக்கனமும் ஒருங்கே அமைந்த இதனை எவரும் நாடாதது எமக்கு வியப்பே.

டியாராவே வேண்டுவோர் சட்டத்தின் அடிக்கம்பியில் மயிரின் நிறமுள்ள பட்டுநாடாவை நெருங்கச் சுற்றுக. நாடா வழுக்கலைத் தடுக்கும்; உலோகம் தோலிற் படாமற் காக்கும்; கொண்டையூசி செருகவும் இடந்தரும். விழா முடிந்தபின் உலர்ந்த மென்துணியால் துடைத்து, முனைகள் ஒன்றையொன்று நெருக்காதபடி பெட்டியில் வைத்தல் வேண்டும். நாடாவை மட்டும் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம்.