துபாய் போகும் முன்

தொம்மலூரில் ஒரு குடும்பம். கணவருக்குத் துபாயில் டிரைவர் வேலை கிடைத்தது. மனைவியும் குழந்தையும் உடன் போகிறார்கள்.

அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தனர். மனைவி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“ஊர் தெரியாத இடத்தில் மாத்திரைக்கு எங்கே போவேன், சிஸ்டர்?”

“காப்பர்-டி போடலாம், அம்மா. 10 ஆண்டு வரை பலன் தரும். இங்கே இலவசம். குழந்தை வேண்டும்போது டாக்டரிடம் எடுத்துவிடலாம். ‘அந்தரா’ ஊசி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.”

டாக்டர் பரிசோதித்தார். அவள் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். அட்டையைப் பாஸ்போர்ட்டுடன் வைத்தாள்.

“வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்றார் கணவர்.

தமிழில் இருந்த ஒப்பந்தத்தை அவள் நிதானமாகப் படித்தாள். காப்பீடு தொழிலாளிக்கு மட்டும் என்று இருந்தது.

“அப்போ எனக்கும் பாப்பாவுக்கும்?”

கணவர் விசாரித்தார். துபாய்ச் சட்டப்படி தொழிலாளியின் மருத்துவக் காப்பீட்டுக்கு முதலாளி பணம் கட்ட வேண்டும். குடும்பத்துக்கு விசா எடுப்பவரே கட்ட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தார்.

அவர் பத்தாம் வகுப்பு தேறாதவர். அப்படிப்பட்டவர் துபாய்க்கு வேலைக்குப் போக, ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

பதில் சொல்லுங்கள்:
1. காப்பர்-டி எத்தனை ஆண்டு வரை பலன் தரும்?
2. துபாயில் மனைவியின் காப்பீட்டுக்கு யார் பணம் கட்ட வேண்டும்?