கல்முனைக் குழந்தை

தெலுக் இந்தான்

அன்புள்ள மாலதிக்கு,

ஈப்போவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமலே வளர்ந்துவிட்ட பிள்ளைக்குத் தாய் தந்தையர் இன்னார் என்று மரபணுச் சோதனையால் எவ்வாறு நிர்ணயிக்கிறார்கள் எனக் கேட்டிருந்தாய். நம்மவர் வாழ்வில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைச் சூறையாடியபோது, கல்முனை மருத்துவமனையில் 81-ஆவது நோயாளியாகச் சேர்க்கப்பட்டது, இன்னாருடையது என்று சொல்ல ஆளில்லாத ஒரு கைக்குழந்தை. ஒன்பது தாய்மார் உரிமை கோரியதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. முறைப்படி நீதிமன்றப் படியேறியவர்களோ ஒரே தமிழ்த் தம்பதியர். வீட்டோடு ஆதாரங்களையும் அலைக்குப் பறிகொடுத்திருந்த அவர்களுக்கு உடம்பே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. நீதிபதியின் ஆணைப்படி சோதனை நடந்து, 2005 பிப்ரவரியில் குழந்தை அவர்கள் கைக்கு வந்தது.

அந்தச் சாட்சியம் எத்தகையது? மனிதருக்கு மனிதர் மரபணுத் தொடர் ஏறக்குறைய ஒன்றேயாயினும், சில இடங்களில் நாலைந்து எழுத்துக்கள் கொண்ட சிறு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அது எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள்: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தாய்க்கு 12, 15 என்றும் தந்தைக்கு 9, 17 என்றும் இருந்தால், பிள்ளைக்கு 15, 9 அமையலாம். 11, 20 அமைந்து, வேறு பல இடங்களிலும் இவ்வாறே பொருந்தாமற்போனால், அவர்கள் பெற்றோர் அல்லர். எல்லா இடங்களிலும் பொருந்தினாலோ, அந்த எண்கள் ஜனங்களிடையே எவ்வளவு அரியவை என்று கணக்கிட்டு, உறவு உண்மையாயிருக்கும் சாத்தியம் இவ்வளவு என்று அறிக்கை தருகிறார்கள். இல்லை என்பதைத் திட்டமாகவும், ஆம் என்பதை நிகழ்தகவாகவும் சொல்வதே இந்த விஞ்ஞானத்தின் இயல்பு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை இம்முறையால் வேறுபடுத்தவும் இயலாது.

1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்ட வழியிலிருந்து வளர்ந்தது இது. நம் மலேசியாவிலும் 2009-ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டம் இயற்றப்பட்டது; காவல்துறையின் மரபணு வங்கியில் உள்ள தகவலை அது முடிவான சான்றாகவே ஏற்கச் சொல்கிறது. விஞ்ஞானி சாத்தியம் என்று அடக்கமாகக் கூறுவதைச் சட்டம் முடிவு என்று கொள்ளும்போது, மாதிரியை எடுப்பவரின் பொறுப்பு பன்மடங்காகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். கணக்கு எத்துணைச் செம்மையானாலும், குப்பி மாறினால் குழந்தையும் மாறிவிடும் அல்லவா?

ஆய்வகத்தில் சேர விரும்பும் நீ, இயந்திரங்களைப் பற்றிப் படிக்குமுன், குப்பியின்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டைப் பிழையற எழுதப் பழகு.

உன் அன்பு மாமா